உள்வரும் தபால்

துப்பாக்கியைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.
பத்தொன்பது வருடத்தில்
நான் தூக்கிய ஆகக் கனமான ஆயுதம்
காகிதத்தில் இரட்டைத் துளை போடும் கருவி.
கோட்டை ஸ்டேஷனில் இறங்கி
கூவத்து வாடையை முந்தானையில் வடிகட்டி
வாசல் சிப்பாயிடம் அட்டையைக் காட்டியதும்
நான் மேல்நிலை எழுத்தர் சுகிர்தா.

சுவரில் தெற்கின் வரைபடம்.
மூன்று பக்கமும் கடல்.
எதிரி என்று எழுத இடமே இல்லை.
குண்டூசி குத்தியிருக்கும் இடமெல்லாம்
ஆஸ்பத்திரி, கேன்டீன், ஆளெடுக்கும் மைதானம்,
புயலடித்தால் படகு இறங்கும் துறை.

"சண்டை எல்லாம் வடக்கே.
நீங்க இங்க உட்கார்ந்து என்னதான் கிழிக்கிறீங்க?"
நாத்தனார் கணவர்
தீபாவளிக்குத் தீபாவளி கேட்பார்.
கவர் கிழிக்கிறேன் அண்ணா.
ஒரு நாளைக்கு நூற்றிருபது.

பனியில் மூன்று விரல் போனவனின் மருத்துவச் சான்று.
தொலைந்துபோன ரயில் வாரண்ட்.
அப்புறம், லடாக்கிலிருந்து ஒரு லான்ஸ் நாயக்:
பங்காளி வரப்பை இரண்டடி நகர்த்திவிட்டான்,
நான் இங்கே எல்லையில் நிற்கிறேன்,
என் எல்லையை யார் பார்ப்பது,
ஐயா கலெக்டருக்கு ஒரு கடிதம் போடவும்.

போட்டோம்.

அந்த டிசம்பரில் மழை நிற்கவேயில்லை.
மத்தியானம் கலெக்டர் ஆபீசிலிருந்து போன்:
முடிச்சூர் பக்கம் மாடி வரை தண்ணீர்,
படகு வேண்டும்.
எழுத்தில் கேட்டால்தான் அனுப்பலாம் என்பது விதி.
அங்கே கரண்ட் இல்லை, ஃபேக்ஸ் செத்துவிட்டது,
கேட்கிறவரின் குரலும் பாதி பாதியாய் வந்தது.
கர்னல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு, ஜன்னலிடம் சொல்வதுபோல,
"லெட்டர் வந்தாச்சுன்னு வெச்சுக்கோம்மா."

படகு ஐந்தே காலுக்குப் போனது.
கடிதம் ஒன்பதே முக்காலுக்கு வந்தது,
ஒரு தாசில்தாரின் சட்டைப் பையில் நனைந்து,
முத்திரை மட்டும் ஊதாவாய்ப் படர்ந்து.
பதிவேட்டில் நான்
கடிதத்தை முன்னால் எழுதினேன்,
படகைப் பின்னால்.
தணிக்கைக்காரர்கள் இன்றுவரை கேட்கவில்லை.
கேட்டால் என்ன சொல்வதென்று
சில ராத்திரி யோசிப்பேன்.

அந்தப் படகில் முதல் நடையில் ஏறியவர்களில்
நாத்தனார் கணவரும் உண்டு.
கையில் கேஸ் புத்தகம், தலையில் டிவி.
போன தீபாவளிக்கும் கேட்டார்.

காகிதம் காத்திருக்காது என்று எழுதி
இதை இங்கேயே முடித்துவிடலாம்.
ஆனால் பொற்கொடி இருக்கிறாள்.
விடிவதற்குள் ஜோலார்பேட்டையில் ரயிலேறி
மாதம் ஒருமுறை வருகிறாள்.
பையில் எலுமிச்சை சாதம், புருஷனின் மரணச் சான்று.
ராணுவப் புத்தகத்தில் அவன் முனிரத்தினம்.
பேங்க் பாஸ்புக்கிலும் முனிரத்தினம்தான்.
ஆனால் இங்கிலீஷில்
ஒன்றில் ஒரு ஹெச் இருக்கிறது,
மற்றதில் இல்லை.
அந்த ஒற்றை எழுத்தின் பின்னால்
இருபத்தாறு மாதப் பென்ஷன் நிற்கிறது.

ஒன்பது கடிதம் போட்டிருக்கிறேன்.
ரெக்கார்ட் ஆபீஸ் பேங்க்கைக் கேட்கச் சொல்கிறது,
பேங்க் அலகாபாத்தைக் கேட்கச் சொல்கிறது,
அலகாபாத் எங்களைக் கேட்கச் சொல்கிறது.
நான்கு மணி நேரத்தைப் புரட்டிப்போட்ட
இதே பேனாதான்,
ஒரு ஹெச்சை நகர்த்த முடியவில்லை.

"தமிழ்ல எழுதினா தகராறே இல்ல, இல்லம்மா?"
கேட்டுவிட்டுச் சாதத்தில் பாதியை
என் டப்பா மூடியில் வைத்தாள்.
அவள் கேட்டதில் குற்றம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

சாப்பிட்டோம்.
கொடிமரத்தில் காற்று மாறி
கடல் வாடை வந்தது.
கைகழுவி வந்து
பத்தாவது கடிதத்துக்குத் தேதி போட்டேன்.
ஹெச்சை மட்டும் சிவப்பு மையில்.